இன்னொரு ராசாத்தாள்

கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த ஈரத்தைப் பொற்கொடி துண்டால் துடைத்தாள். தலைமாட்டில் துடைத்து முடிப்பதற்குள் கால்மாட்டில் மறுபடியும் பூத்தது. உள்ளே அவளுடைய அம்மா ராசாத்தாள் படுத்திருந்தாள். முகத்தின் வீக்கம் வடிந்து, நாலைந்து வருடங்களுக்கு முந்தைய அம்மாவாகத் தெரிந்தாள்.

"உடு கண்ணு. கரண்ட்டு ஓடற வரைக்கும் அது வேர்த்துட்டேதான் இருக்கும்" என்றார் கதிர்வேல் மாமா. ராசாத்தாளின் கூடப்பிறந்த தம்பி. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கடைப் பையோடு மடியில் வைத்திருந்தார். விடிந்ததிலிருந்து அதை அவர் கீழே வைக்கவில்லை.

"உன்ற தம்பி நிதீஷ் என்ன சொல்றான்?"

"டெல்லியில பிளைட்டு லேட்டாமுங்க மாமா. இங்க வந்து சேர சாயங்காலம் பொழுதோட ஆயிருமாம்."

"பொழுதோடவா? மயானத்துல நமக்கு மத்தியானத்துக்கு எழுதிக் குடுத்திருக்கறாங்களே."

"மாத்திக் கேளுங்க."

மாமா பெட்டியைப் பார்த்தார். வாசலில் சாமியானா நிழலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஈரோட்டிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் வந்தவர்கள் திரும்பிப் போகும் பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"இல்லீன்னா பங்காளிப் பையன் ஒருத்தனக் கொள்ளி வெக்கச் சொல்லலாம். ஊர்ல நடக்காததா? வெச்சிருக்க வெச்சிருக்க நல்லால்ல அம்மணி."

"அம்மா அவனப் பார்க்கோணும்னுதானுங்க கடைசி வரைக்கும் கேட்டுட்டிருந்தாங்க. வரட்டுங்க மாமா."

மாமா சேலைப் பையோடு எழுந்தார். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போன் பேச வெளியே போனார். அம்மா அப்படி எதுவும் கேட்கவில்லை. கடைசி இரண்டு நாட்கள் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பொற்கொடிக்கு இப்போதெல்லாம் பொய் தொண்டையில் சிக்காமல் வந்தது.

துண்டைப் பிழியப் பின்பக்கம் போனபோது சமையலறையில் பெண்கள் பேசுவது கேட்டது.

"டயாலிசிசு செஞ்சுட்டிருந்தா இன்னும் நாலு வருசம் இருந்திருப்பாங்களாமா. டாக்டரே சொன்னாராமா."

"அப்பறம் எதுக்கு நிறுத்துனாங்க?"

"மகதான் நிறுத்திப்போட்டாங்கறாங்க. அவளும் எத்தன நாளைக்குத்தான் பார்ப்பா, புருசன வெள்ளகோவில்ல உட்டுப்போட்டு வந்து."

"அதுக்குன்னு பெத்த தாய..."

பக்கத்து வீட்டு அன்புக்கரசிதான் முதலில் அவளைப் பார்த்தாள். பேச்சு நின்றது. "டீ ஊத்தட்டுங்களாக்கா? காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கலயே நீங்க" என்றாள். பொற்கொடி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, துண்டைப் பிழிந்துகொண்டு பெட்டிக்கே திரும்பினாள்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்தபோது அப்பா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. நிதீஷ் ஜெர்மனியில் இருந்தான். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று ஆராய்கிற கூட்டத்தில் அவனும் ஒருவன். பொற்கொடி வெள்ளகோவிலில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் தம்பிதுரைக்கு அங்கே எண்ணெய் மில். பிள்ளை குட்டி இல்லாதவள், அவளுக்கென்ன தடை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அந்த எல்லோரிலும் அவளும் இருந்தாள். ஒரு ஆறு மாதம் என்று நினைத்துத்தான் சூலூருக்குப் பெட்டியோடு வந்தாள். மூன்று வருடங்கள் ஓடிவிட்டன. வேலையை விட்டாள். மாலையில் வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். தம்பிதுரை முதலில் வாராவாரம் வந்தார். பிறகு விசேஷங்களுக்கு வந்தார். ஒருநாளும் முகம் சுளித்துப் பேசியவர் இல்லை. அதுவே அவளுக்குச் சில சமயம் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிதீஷ் போன் செய்வான். அம்மா போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி மடியில் வைத்துக்கொள்வாள். முதல் வருடம் முழுக்க அவள் அவனிடம் அழுதாள். விளக்கை அணைத்தால் தூக்கம் வராது அவளுக்கு. "கண்ண மூடுனா எல்லாம் அதோட அந்து போயிரும்னு இருக்குதுடா" என்பாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் அந்தக் கதையைச் சொன்னான்.

"அம்மா, ஒப்பணக்கார வீதில ஒரு சேலைக் கடை இருக்குதுன்னு வெச்சுக்கங்க. கடைக்கு முடிவே இல்ல. போகப் போக அலமாரிதான்."

"காலு வலிக்குமேடா."

"வலிக்கட்டுங்க. ஆனா நூலுக்கு இத்தன கலர்தான் இருக்குது. பார்டர் இத்தன விதம்தான். எப்பிடி மாத்தி மாத்திப் போட்டாலும் ஒரு கட்டத்துல டிசைன் தீர்ந்து போயிரும். கடை தீராது. அப்ப என்னாகும்?"

ராசாத்தாள் யோசித்தாள். "நெய்ஞ்சதையே மறுக்கா நெய்வாங்க."

"அதேதானுங்கம்மா!" நிதீஷின் குரல் துள்ளியது. "அணுவ எத்தன விதமா அடுக்கலாம்ங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்குது. ரொம்பப் பெரிய எண்ணு. ஆனா அதுக்கு முடிவு இருக்குது. வானத்துக்கு முடிவில்லைன்னு வெச்சுக்கங்க, அடுக்குனதயே மறுபடியும் அடுக்கித்தான் ஆகோணும். எங்கியோ நெனச்சே பார்க்க முடியாத தூரத்துல இதே மாதர ஒரு பூமி. இதே சூலூரு. இதே கட்டில்ல இன்னொரு ராசாத்தாள் உக்காந்து இன்னொரு நிதீஷ் கூடப் பேசிட்டிருப்பாங்க."

"அட கெரகமே" என்று ராசாத்தாள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு பொற்கொடி கேட்ட சிரிப்பு அது.

அன்றிலிருந்து வீட்டில் இன்னொரு ராசாத்தாளும் இருந்தாள். சாம்பார் உப்பில்லாமல் இருந்தால், "அவளுக்காச்சும் உப்புப் போட்டானுகளோ என்னமோ" என்பாள் அம்மா. டயாலிசிஸ் அறையில் ஊசி போடும் நர்ஸ் இல்மாவிடமும் சொல்லிவிட்டாள். இல்மா ஊசியைக் குத்தும்போதெல்லாம், "அந்த ராசாத்தாம்மா அழறாங்க, இந்த ராசாத்தாம்மா அழுக மாட்டாங்க" என்பாள். விளக்கை அணைத்துவிட்டே அம்மா தூங்கத் தொடங்கினாள்.

பொற்கொடி இதில் கலந்துகொள்ளவில்லை. தம்பியின் படிப்பு பெரிது, அவள் படிப்பு எம்.எஸ்சி.யோடு நின்றது. ஆனாலும் அவளுக்கென்று ஒரு கருத்து இருந்தது. ஒருநாள் டியூஷனில், எல்லை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், இன்ஃபினிட்டின்னு நெசமாலுமே எங்காச்சும் இருக்குதுங்களா?"

"கணக்குல இருக்குது" என்றாள் பொற்கொடி. "ஒன்னு, ரெண்டு, மூனுன்னு சொல்லிட்டே போ, நிறுத்தாதேன்னு ஒரு விதி போட்டுக்கறோம். அவ்வளவுதான் இன்ஃபினிட்டி. விதிக்கு மூச்சு வாங்காது. எண்ணறவங்களுக்கு வாங்கும். ஒரு பொருளக் கொண்டாந்து மேசை மேல வெச்சு, இது தீராதுன்னு இதுவரைக்கும் யாரும் காட்டுனதில்ல. மண்ணு, தண்ணி, நட்சத்திரம், எல்லாத்துக்கும் ஒரு எண்ணு இருக்கும். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"அப்ப வெளிய இல்லீங்களா?"

"இல்ல. இங்க மட்டும்தான்." கரும்பலகையைத் தட்டிக் காட்டினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. அம்மா விழித்திருந்திருக்கிறாள் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அம்மா அதைக் கேட்டது பல நாட்களுக்குப் பிறகு. டயாலிசிஸ் முடிந்து வந்த மத்தியானம். கையில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் பஞ்சு நனைந்துகொண்டிருந்தது. பொற்கொடி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுக்குக் கண் எரிந்தது. அன்று காலை ஆட்டோவில் அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.

"கண்ணு."

"சொல்லுங்கம்மா."

"அன்னிக்கு ஒரு புள்ளகிட்ட சொன்னியே, முடிவில்லாதது கணக்குல மட்டும்தான், வெளிய இல்லைன்னு."

பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி இருக்குதுங்கறான். ரெண்டு பேரையும் நாந்தான் படிக்க வெச்சேன். ஆரு சொல்றது நெசம்?"

அம்மாவின் கண்கள் கெஞ்சவில்லை. சந்தையில் இரண்டு கடைக்காரர்களிடம் விலை கேட்டுவிட்டு மூன்றாவது முறை கேட்பவளைப் போல நிதானமாகப் பார்த்தாள். பொற்கொடியிடம் பதில் இருந்தது. ஆனால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிற அம்மாவையும் அவளுக்குத் தெரியும்.

"தம்பி சொல்றதுதானுங்கம்மா. எனக்குப் பாடப்புஸ்தகக் கணக்குத்தான் தெரியும். அவன் வானத்தையே பார்க்கறவன்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமாத்தான்."

ராசாத்தாள் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கியும் எனக்குக் கிட்னி போயிருக்குமா?"

"எல்லாம் இதே மாதரதான்னா, போயிருக்கும்."

"தம்பி?"

"அங்கியும் ஜெர்மனிதான்."

"அப்ப அங்கியும் நீதான் என்னப் பார்க்கறயா?"

"நாந்தான்."

"அந்த மாதர எத்தன எடம்?"

"முடிவில்லைன்னா அதுக்குக் கணக்கே இல்லீங்கம்மா."

"அடப் பாவமே" என்றாள் ராசாத்தாள். பொற்கொடியின் கட்டைவிரலைப் பார்த்தாள். அழுத்தி அழுத்தி அதன் நுனி வெளுத்திருந்தது. "எல்லா எடத்துலயும் நீயே கெடந்து சீரழியறியா? ஊடு வாசல உட்டுப்போட்டு, என்ற அழுக்குத் துணியத் தொவச்சுட்டு?"

"என்ன பேச்சுங்கம்மா இது."

"எல்லாம் அச்சு அசலா இப்பிடியேதான் இருக்கோணுமா? ஒன்னு கொஞ்சம் மாறுனாப்புல இருக்காதா?"

"இருக்கும். எல்லா விதமும் எங்காச்சும் இருக்கும்னுதான் தம்பி சொன்னான்."

"அப்ப மாறுனாப்புல இருக்கறது இதுவா இருந்துட்டுப் போகட்டும்." ராசாத்தாள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "அங்க அத்தன ராசாத்தாளுக இருக்கறாளுக. அவளுக ஆஸ்பத்திரிக்குப் போய்க்கட்டும். இங்க நீ ஒருத்தியாச்சும் ஊடு போய்ச் சேரு."

அலுப்பில் பேசுகிறாள் என்றுதான் பொற்கொடி நினைத்தாள். அடுத்த முறை ஆட்டோ வந்து ஹாரன் அடித்தபோது அம்மா எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஆட்டோவத் திருப்பித் தாட்டி உட்ரு" என்றாள். பொற்கொடி கெஞ்சினாள், கோபப்பட்டாள், மாமாவை வரவழைத்தாள். டாக்டர் போனில் பேசினார். நிறுத்தினால் ஓரிரு வாரம்தான் என்றார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பரவால்ல, போச்சாது உடுங்க" என்றாள். நிதீஷ் கத்தினான். "அக்கா, எப்பிடியாச்சும் சம்மதிக்க வை. டிசம்பர்ல நான் வாரேன். அது வரைக்கும் பார்த்துக்க." அம்மாவிடம் போனைக் கொடுத்தபோது, அங்கே பனி பெய்கிறதா, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் அம்மா இளநீர் கேட்டாள். மூன்று வருடங்களாக அவளுக்கு விலக்கியிருந்தது அது. பொற்கொடி தெருமுனைக்குப் போய் வெட்டி வாங்கி வந்தாள். அம்மா கண்களை மூடிக்கொண்டு குடித்தாள், தாடையில் வழிந்ததைத் துடைக்கவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது பொய், இன்னொரு ராசாத்தாள் எங்கேயும் இல்லை, இருக்கிறது நீங்கள் ஒருத்திதான், ஆட்டோவைத் திரும்பக் கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. "அங்கியும் இது மாதர எளநி கெடைக்குமா?" என்று கேட்டு அம்மா சிரித்தாள். பொற்கொடியும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு தரையில் பாய் விரித்துப் படுத்த பொற்கொடி பொழுது சாயும்வரை தூங்கினாள். அப்படி ஒரு தூக்கம் அவளுக்கு வாய்த்து வருடங்கள் ஆகியிருந்தன. எழுந்து உட்கார்ந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வாயில் கசந்தது. சமையலறைப் பெண்கள் பேசியதற்கு அவளால் பதில் சொல்ல முடியாமல் போனதும் அதனால்தான்.

நிதீஷ் வந்து இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் பெட்டிமேல் விழுந்து, "அம்மா, எந்திரிங்கம்மா, வந்துட்டனுங்கம்மா" என்று கதறினான். காலையிலிருந்து அவனை ஏசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். ஒரு கிழவர் அவன் தலையைத் தடவி, "எத்தன கடல் தாண்டி வந்திருக்கறான் பாரு பையன்" என்றார். மாமா கோடிச் சேலையைப் பிரித்துப் போர்த்தினார். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. மயானத்தில் கடைசி நேரத்தை வாங்கியிருந்தார்கள். வண்டியைத் தெருமுனைவரை பெண்கள் தொடர்ந்து போய் அங்கேயே நின்றார்கள். வண்டி அவிநாசி ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. பொற்கொடி வீட்டுக்கு வந்து, பெட்டி இருந்த இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரைச் சீவக்கட்டையால் தள்ளிக் கழுவினாள்.

சாம்பலைக் கரைக்கப் பவானி கூடுதுறைக்குப் போனார்கள். நிதீஷ் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கலயத்தைக் கவிழ்த்தான். ஐயர் சொன்னபடி மூழ்கி எழுந்தான். மாமா அவருக்குத் தட்சணை கொடுக்கப் போனார். அக்காளும் தம்பியும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஈர வேட்டி உடம்போடு ஒட்ட, அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். தலையில் அங்கங்கே நரைத்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"அக்கா, ஒன்னு கேக்கட்டுமா? கோவிச்சுக்காத."

"கேளு."

"அம்மா எதுக்கு அப்பிடி திடீர்னு வேண்டாம்னாங்க? முந்தின வாரம் எங்கூட நல்லாத்தான பேசுனாங்க? நீ கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா..."

கீழ்ப்படியில் ஒரு குடும்பம் மொட்டைத் தலைகளோடு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ சொன்னியே ஒரு சேலைக் கடை" என்றாள் பொற்கொடி. "வானத்துக்கு முடிவே இல்லைன்னு. அது நெசமா?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இந்த இடத்தில் இதையா என்பதுபோல.

"ஆருக்குத் தெரியும்? நம்மால பார்க்க முடியறதுக்கே ஒரு எல்லை இருக்குது. அதுக்கு அந்தாண்ட என்னன்னு ஆரும் பார்க்கப் போறதில்ல."

"நீ என்ன நெனைக்கற?"

"நானா? எனக்கு அதுல நம்பிக்கை போயி ரொம்ப நாளாச்சு. எங்க குரூப்பே இப்ப எல்லை இருக்குதுங்கற பக்கம்தான் வேலை செய்யறோம்." வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் நடுக்கம் குறைந்தது. "எங்க கணக்குல எங்காச்சும் இன்ஃபினிட்டி வந்து நின்னுதுன்னா, தியரி அந்த எடத்துல ஒடஞ்சுபோச்சுன்னு அர்த்தம் பண்ணிக்குவோம். நெசத்துல அப்பிடி ஒன்னு இருக்குதுன்னு எடுத்துக்க மாட்டோம். அது கணக்குல மட்டும் இருக்கற சமாச்சாரம்க்கா. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றாள்.

"ஏன் கேக்கற?"

"அம்மாகிட்ட இருக்குதுன்னு சொன்னியே."

நிதீஷ் தண்ணீரைப் பார்த்தான். "அம்மா பயந்துட்டிருந்தாங்கக்கா. ஞாயித்துக்கெழமை ஆனா அழுகை. அத்தன தூரத்துல இருந்து நான் வேற என்ன குடுக்க முடியும்? ஒருக்கா சொன்னேன், சிரிச்சாங்க. அப்பறம் வாராவாரம் அவங்களே கேட்டாங்க. இல்லைன்னு எப்பிடிச் சொல்றது?" ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தான். "சொல்றப்ப எனக்குமே இருந்தா என்னன்னு இருக்கும்."

ஆற்றில் ஒரு பரிசல் யாரோ விட்ட மாலையை உரசிக்கொண்டு போனது. பொற்கொடியின் வாயில் சொல் திரண்டு நின்றது. அந்தக் கதையை நம்பித்தான் அம்மா நிறுத்தினாள் என்று இப்போது சொன்னால் அவன் மிச்ச நாளெல்லாம் அதைச் சுமப்பான். சொல்லாவிட்டால், அக்கா அழுத்திச் சொல்லவில்லை என்பதைச் சுமந்துகொண்டு போவான். அது அவனுக்கு இலேசு. ஒரு கணம், அவன் சுமக்கட்டுமே என்றுதான் அவளுக்கு இருந்தது. அவனுடைய உதடுகள் குளிரில் நீலம் பாரித்திருந்தன.

"அம்மாக்கு அந்தக் கதை ரொம்பப் புடிச்சிருந்துதில்லக்கா?"

"ஆமா. ரொம்ப."

"கடைசி வரைக்கும் நம்புனாங்களா?"

"நம்புனாங்க."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அது போதும்க்கா" என்றான்.

பொற்கொடி பையிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்து அவன் மடியில் போட்டாள். "தலையத் தொவட்டு. மாமா வாராரு" என்று சொல்லிவிட்டு எழுந்து, அவனுக்கு முன்னால் படியேறினாள்.

கருமாதி முடிந்த அடுத்த நாள் நிதீஷ் கிளம்பினான். விமான நிலையத்துக்கு மாமா கொண்டுபோய் விட்டார். டியூஷன் பிள்ளைகளுக்கு வேறு இடம் சொல்லியாயிற்று. வீட்டுச் சாவியை அன்புக்கரசியிடம் கொடுக்கும்போது அவள், "அன்னிக்கு சமையக்கட்டுல அவங்க பேசுனத மனசுல வெச்சுக்காதீங்கக்கா" என்றாள். பொற்கொடி அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். தம்பிதுரை காரைக் கொண்டுவந்திருந்தார். காங்கேயம் தாண்டும்வரை இருவரும் மழை பற்றியும், தேங்காய் விலை பற்றியும் பேசினார்கள்.

வெள்ளகோவில் வீடு சுத்தமாக இருந்தது. சமைக்க வருகிற பெண் அன்றைக்கு வந்துபோயிருந்தாள். ஹாலில் சோபாவை இடம் மாற்றியிருந்தார்கள். தம்பிதுரை அவள் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி மாட்டினார். பொற்கொடி நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பில் பாலை வைத்தாள். காப்பித்தூளுக்காக மேல் அலமாரியைத் திறந்தாள். பருப்பும் மிளகாய்ப் பொடியும் இருந்தன. அடுத்ததைத் திறந்தாள். அங்கே மில்லின் பழைய தகர டப்பாக்கள் இருந்தன. கீழே குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, காப்பித்தூள் எங்கீங்க இருக்குது?"

தம்பிதுரை விரைந்து வந்தார். "அது இப்ப இந்தப் பக்கம் மாத்தியாச்சு. நீ போயி உக்காரு, நான் போடறேன்" என்றார். அவள் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கிக்கொண்டார். எந்த டப்பாவுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

பொற்கொடி ஹாலுக்கு வந்தாள். எங்கே உட்காருவது என்று ஒரு கணம் நின்றுவிட்டு, கதவோரம் கிடந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். உள்ளே அவர் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு, வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட பீங்கான் கோப்பையில் காப்பியை ஊற்றி, சாசரோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"சக்கர போதுமான்னு பாருங்க" என்றார்.

அவளை அவர் இதற்குமுன் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பொற்கொடி கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"போதுமுங்க" என்றாள்.